விளையாட்டின் வணிகப் பக்கம்: எந்த வாசல் வழியாக நுழைவது?

கேள்வி: எனக்கு 27 வயது. வணிகவியல் பட்டம் பெற்று, நுகர்பொருள் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கல்லூரி அணியில் கால்பந்து ஆடியிருக்கிறேன். அதற்கு மேல் போகும் திறமை எனக்கில்லை என்பது தெரியும். ஆனாலும் தொழில்முறை விளையாட்டுத் துறையிலேயே வாழ்க்கையை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, விளையாட்டு மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்கலாமா? வீரர்களின் ஏஜென்ட் ஆவதே என் ஆசை; அது கைகூடாவிட்டால் ஒரு கிளப்பின் நிர்வாகத்தில் சேர வேண்டும். உள்ளே ஆள் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சம்பளமும் குறையும் என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால், எதைப் பார்த்து ஒரு வேலையை ஒப்புக்கொள்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். கடன் வாங்கிப் படிப்பதை இன்னும் ஓராண்டாவது தள்ளிப்போடுங்கள். ஏஜென்ட் ஆகும் எண்ணத்தைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன்; அதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன ஒரு செய்தியைச் சுட்டிக்காட்ட வேண்டும். நான்கு ஆண்டுகளாக நீங்கள் விற்பனையில் இருக்கிறீர்கள். விளையாட்டு அமைப்புகளுக்காக ஸ்பான்சர்ஷிப் விற்பதையும், அதை விற்கக்கூடியவர்களை வேலைக்கு எடுப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளையாட்டின் மீதுள்ள காதலைப் பக்கம் பக்கமாக எழுதும் விண்ணப்பங்கள் எங்களிடம் குவிந்து கிடக்கின்றன, இன்ன பொருளை, இன்ன வாடிக்கையாளரிடம், இன்ன இலக்குக்கு விற்றேன் என்று எழுதப்பட்ட விண்ணப்பம் அரிதாகத்தான் வருகிறது. உங்களிடம் இருக்கும் சரக்கு எதுவோ அதை நீங்களே குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் முதல் கணிப்பு.

இந்தத் துறையில் வேலை எங்கே இருக்கிறது என்பதை அறிய, பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும், அதை யார் விற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தொழில்முறை அணியின் வருவாயை ஒளிபரப்பு உரிமை, டிக்கெட் போன்ற போட்டி நாள் வசூல், ஸ்பான்சர்ஷிப் போன்ற வணிக ஒப்பந்தங்கள் என மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இவற்றில் செய்தித்தாளின் தலைப்பில் இடம்பெறுவது ஒளிபரப்பு உரிமைதான். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் போட்டிகளின் ஊடக உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. 1992இல் தொடங்கிய இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டித் தொடரான பிரீமியர் லீக், தன் முதல் ஐந்து சீசன்களுக்கான உரிமையை 30.4 கோடி பவுண்டுக்கு விற்றபோது அதுவே அன்றைக்குப் பெரும் பேச்சாக இருந்தது. ஆனால் இத்தகைய உரிமைகளைப் பெரும்பாலும் தனித்தனி அணிகள் விற்பதில்லை. லீக் ஒட்டுமொத்தமாக விற்று அணிகளுக்குப் பங்கிடுகிறது. அமெரிக்காவில் 1961இல் இயற்றப்பட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், லீக்குகள் இப்படிச் சேர்ந்து விற்பதை, நிறுவனங்கள் கைகோத்துச் சந்தைப் போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்தது. கிரீன் பே போன்ற ஒரு சிறு நகரத்தின் அணி இன்றளவும் பெருநகர அணிகளோடு அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் நின்று ஆடுவதற்கு, அந்தத் தொலைக்காட்சிப் பணம் சமமாகப் பங்கிடப்படுவது முக்கியக் காரணம். வேலை தேடுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் சற்றுக் கசப்பானது: பல்லாயிரம் கோடி புரளும் அந்த ஒப்பந்தத்தை முடிப்பதற்கு லீக் அலுவலகத்தில் சில வழக்கறிஞர்களும், ஊடகத் துறையில் பழுத்த சில மூத்தவர்களும் இருந்தாலே போதும். பணம் அதிகம் வரும் இடத்தில் ஆட்கள் குறைவாகவே தேவைப்படுகிறார்கள்.

ஆட்கள் தேவைப்படுவது மற்ற இரண்டு வழிகளில்தான். டிக்கெட்டும் ஸ்பான்சர்ஷிப்பும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமாக, ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விற்கப்பட வேண்டியவை. லீக் கொடுக்கும் பங்கு எல்லா அணிக்கும் ஏறத்தாழ உறுதியானது. ஓர் அணியின் தலைமை நிர்வாகி தன் முயற்சியால் கூட்டிக் காட்டக்கூடிய தொகை இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஆகவே புதியவர்களுக்குக் கதவு திறக்கும் இடமும் இதுவே. அமெரிக்க அணிகள் பலவற்றில் புதிதாகச் சேர்பவர்களை முதலில் தொலைபேசியில் டிக்கெட் விற்கும் பிரிவில் அமர்த்துவது நெடுநாள் நடைமுறை. அதை இழிவான வேலையாக நினைத்து ஓரிரு மாதத்தில் ஓடிவிடுபவர்கள் உண்டு. அங்கே தாக்குப்பிடித்தவர்கள் பின்னாளில் அணியின் வணிகத் தலைவர்களாக உயர்ந்ததும் உண்டு.

டிக்கெட் விற்பனையில் என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். காலி இருக்கை என்பது நடுவர் விசில் ஊதிய நொடியில் மதிப்பிழக்கும் பொருள். அதைக் கிடங்கில் வைத்து அடுத்த வாரம் விற்க முடியாது. மறுபுறம், ஒரே அரங்கின் ஒரே இருக்கைக்கு எதிரணியைப் பொறுத்தும், கிழமையைப் பொறுத்தும், அணியின் தரவரிசையைப் பொறுத்தும் மதிப்பு மாறுகிறது. இதைக் கணக்கில் எடுத்து, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி 2009இல் சில இருக்கைகளுக்கு மட்டும் தேவைக்கேற்ப விலை மாறும் முறையைச் சோதித்துப் பார்த்து, 2010இல் அரங்கம் முழுவதற்கும் விரித்தது. இன்று அது பல விளையாட்டுகளில் வழக்கமாகிவிட்டது. இந்த விலை நிர்ணயத்துக்குப் பின்னால் இருப்பது தரவு. அந்தத் தரவோடு தினமும் புழங்குபவர் டிக்கெட் பிரிவில் இருப்பவர்.

ஒரு சிறு உதாரணம் தருகிறேன். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி ஒருவரை அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் பதிவான விவரப்படி, அவர் முதல் நான்கு போட்டிகளுக்கு இரண்டு பேராக வந்திருக்கிறார். அதன்பின் தனியாக வந்திருக்கிறார். கடைசி ஐந்து போட்டிகளுக்கு வரவே இல்லை. அனுபவமில்லாதவர், "சார், இந்த வாரத்துக்குள் புதுப்பித்தால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று தொடங்குவார். விவரம் தெரிந்தவர், வார நாள் மாலைப் போட்டிகளுக்கு வருவது சிரமமாக இருந்ததா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பிறகு மறுமுனையிலிருந்து வருவதுதான் செய்தி: மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான், அல்லது வேலை நேரம் மாறிவிட்டது. அப்படிப்பட்டவருக்கு முழு சீசனைத் தள்ளுபடியில் தருவதைவிட, வார இறுதிப் போட்டிகளை மட்டும் கொண்ட ஒரு தொகுப்பை முழு விலைக்குத் தருவது அணிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. நுகர்பொருள் விற்பனையில் இருந்த உங்களுக்கு இது புதிதல்ல. கடைக்காரர் ஏன் சரக்கு எடுப்பதைக் குறைத்தார் என்று கண்டுபிடிப்பதும் இதே வேலைதான்.

ஆனால் உங்களுக்கு நான் குறிப்பாகப் பரிந்துரைப்பது ஸ்பான்சர்ஷிப் பக்கத்தை. என் சொந்தத் துறை என்பதால் பாரபட்சம் இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

இன்றைய ஸ்பான்சர்ஷிப்பின் அடிப்படைக் கணக்கை 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் உலகுக்குக் காட்டியது. அதற்கு எட்டாண்டு முன்பு நடந்த மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸின் கடனை அடைக்க அந்த நகரத்துக்கு 2006 வரை, அதாவது முப்பது ஆண்டுகள் பிடித்தது. லாஸ் ஏஞ்சலஸ் அமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த பீட்டர் யூபராத் ஸ்பான்சர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஒரே நிறுவனம் என்ற விதியை வைத்தார். அந்தத் தனியுரிமைக்குப் பெரும் விலை கேட்டார். புகைப்படச் சுருள் வகையில் கோடாக் தயங்கிக்கொண்டிருந்தபோது ஜப்பானின் ஃபியூஜி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. போட்டிகள் முடிந்தபோது அமைப்புக் குழுவின் கையில் 20 கோடி டாலருக்கும் அதிகமான உபரி இருந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் குழு இதே அடிப்படையில் தன் உலகளாவிய ஸ்பான்சர் திட்டத்தைத் தொடங்கியது. யூபராத் விற்றது விளம்பரப் பலகையின் சதுர அடியை அல்ல. போட்டியாளர் உள்ளே வர முடியாது என்ற உறுதியை. இந்த வேறுபாடு புரிந்தவர் நேர்முகத் தேர்வில் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே தனித்துத் தெரிவார்.

விற்று முடிந்த பிறகுதான் இந்த வேலையின் பெரும்பகுதி தொடங்குகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கும்: ஒவ்வொரு உள்ளூர்ப் போட்டியிலும் எல்லைக்கோட்டு எல்இடி பலகையில் இத்தனை நிமிடம், நிறுவன விருந்தினர்களுக்கான கார்ப்பரேட் பாக்ஸில் இத்தனை இருக்கை, மூன்று வீரர்கள் கலந்துகொள்ளும் படப்பிடிப்பு ஒரு நாள், சமூக ஊடகத்தில் இத்தனை பதிவுகள் என்று. சீசனின் நடுவில் அந்த மூன்று வீரர்களில் ஒருவருக்கு முழங்கால் காயம். இன்னொருவர் தேசிய அணிக்குப் போய்விட்டார். பயிற்சியாளரோ அடுத்த இரண்டு வாரம் வீரர்களை எதற்கும் அனுப்ப முடியாது என்கிறார். ஸ்பான்சர் நிறுவனத்தின் பிராண்டு மேலாளர் தன் விளம்பரத்துக்கு ஒளிபரப்பு நேரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார். இப்போது இரு பக்கமும் பேசி, கொடுக்க முடியாததற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்று முடிவு செய்து, அதை எழுத்தில் பதிந்து, சீசன் முடிவில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே புகைப்படச் சான்றும் எண்ணிக்கையும் கொண்ட அறிக்கையாகத் தொகுத்துக் கொடுப்பது ஒருவருடைய முழுநேர வேலை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது பெரும்பாலும் அந்த அறிக்கையில்தான் தீர்மானமாகிறது. அணி கோப்பையை வென்ற ஆண்டில் ஸ்பான்சர் விலகிப்போனதையும், கடைசி இடத்தில் முடித்த ஆண்டில் அதே ஸ்பான்சர் மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, அந்தப் பட்டியலை யார் கவனித்தார் என்பதே.

முடிவு நம் கையில் இல்லாத ஒன்றை விற்கிறோம் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் முடிவு மட்டுமல்ல, ஸ்பான்சரின் தலைவிதியும் நம் கையில் இல்லை. மயாமி ஹீட் கூடைப்பந்து அணி ஆடும் அரங்கின் பெயருரிமையை எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் 2021இல் 19 ஆண்டுகளுக்கு 13.5 கோடி டாலர் விலையில் வாங்கியது. 2022 நவம்பரில் அந்த நிறுவனம் திவாலாகி, அடுத்த ஆண்டு அரங்கம் வேறு பெயர் பெற்றது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்தபோது, அத்தகைய விளையாட்டை நடத்திவந்த ட்ரீம்11 நிறுவனம் தேசிய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து விலகியது. அடுத்த மாதம் தொடங்கிய ஆசியக் கோப்பையில் இந்திய ஆடவர் அணி சட்டையில் ஸ்பான்சர் பெயர் இல்லாமலே ஆடியது. பிரீமியர் லீக் கிளப்புகளோ, சூதாட்ட நிறுவனங்களின் பெயரைச் சட்டையின் முன்புறத்திலிருந்து 2025-26 சீசனோடு நீக்க 2023இலேயே தாங்களாக ஒப்புக்கொண்டன. எந்தத் துறையின் பணம் இன்று தாராளமாக வருகிறதோ, அது நாளை எந்தச் சட்டத்தால் அல்லது எந்தச் சரிவால் நிற்கும் என்று முன்கூட்டியே யோசிக்கும் ஆள் ஒவ்வொரு வணிகப் பிரிவுக்கும் தேவை. வங்கி, காப்பீடு, நுகர்பொருள் போன்ற சலிப்பூட்டும் துறைகளைப் பற்றி விவரம் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். விளம்பரச் செலவுக்கு நிதி ஒதுக்கீடு எந்த மாதத்தில் முடிவாகிறது, அதை யார் அங்கீகரிக்கிறார், விற்பனை பிரதிநிதிகளுக்கு ஊக்கப் பரிசாகப் போட்டி டிக்கெட் கொடுத்தால் அது எந்தக் கணக்குத் தலைப்பில் போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கிளப்புக்குள் வளர்ந்தவர்களில் பலருக்கு அது தெரியாது.

ஏஜென்ட் தொழிலைப் பற்றி நீண்ட நேரம் பேச எனக்கு விருப்பமில்லை. அதன் முன்னோடியாகக் கருதப்படும் மார்க் மெக்கார்மக், 1960இல் கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மரின் பிரதிநிதியாகி ஐஎம்ஜி நிறுவனத்தை வளர்த்தெடுத்தார் என்பதைச் சொல்லும்போது, அவர் ஒரு வழக்கறிஞர் என்பதையும், கல்லூரிக் காலக் கோல்ஃப் போட்டிகளின் வழியே பால்மரை அறிந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொழில் திறமையும் ஒரு வீரரின் நம்பிக்கையும் அவரிடம் முன்பே இருந்தன. அலுவலகம் பிறகு வந்தது. இன்று விதிகளும் கடுமையாகியிருக்கின்றன. கால்பந்து ஏஜென்டுகளுக்கான உரிமத் தேர்வை 2015இல் கைவிட்ட ஃபிஃபா, அதை 2023இல் மீண்டும் கொண்டுவந்துவிட்டது. என்எஃப்எல் வீரர் சங்கம் ஏஜென்டுகளிடம் முதுநிலைப் பட்டமோ, அதற்கு மாற்றாகப் பல ஆண்டுப் பேச்சுவார்த்தை அனுபவமோ கேட்கிறது, தேர்வும் வைக்கிறது, வீரரின் ஒப்பந்தத்தில் எடுக்கக்கூடிய கட்டணத்துக்கு 3 சதவீதம் என உச்சவரம்பு விதித்திருக்கிறது, தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் ஒரு வீரருக்குக்கூட ஒப்பந்தம் முடித்துத் தராதவரின் சான்றிதழைப் பறிக்கிறது. அப்படி ஒரு விதியை எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். உரிமம் பெறுவது ஒன்று, வீரரைப் பெறுவது வேறொன்று. பதினாறு வயதுச் சிறுவனின் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வருமானம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையை வளர்த்து, கடைசியில் அந்தச் சிறுவன் பெரிய நிறுவனம் ஒன்றுடன் கையெழுத்திடுவதைப் பார்க்கும் மனத்திடம் இருப்பவர்களுக்கு அது நல்ல தொழில். ஸ்பான்சர்ஷிப்பில் சில ஆண்டுகள் இருந்தால், வீரர்களையும் அவர்களுடைய பிரதிநிதிகளையும் ஒப்பந்தங்களையும் அருகிலிருந்து பார்ப்பீர்கள். அதன் பிறகும் ஆசை மிஞ்சியிருந்தால் அப்போது எழுதுங்கள்.

படிப்பைப் பற்றி. விளையாட்டு நிர்வாகத்துக்கான முதுநிலைப் படிப்பு புதிய கண்டுபிடிப்பல்ல. ஒஹையோ பல்கலைக்கழகம் அதை 1966இலேயே தொடங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஃபிஃபா மாஸ்டர் படிப்பு, லெஸ்டர், மிலான், நியூஷாட்டல் ஆகிய மூன்று நகரங்களின் பல்கலைக்கழகங்களில் அடுத்தடுத்து நடத்தப்படுகிறது. இத்தகைய படிப்புகளின் உண்மையான சொத்து பாடத்திட்டம் அல்ல, முன்னாள் மாணவர்களின் வலைப்பின்னல். ஆகவே எந்தக் கல்லூரியையும் அதன் கையேட்டை வைத்து மதிப்பிடாதீர்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே படித்து வெளியேறியவர்கள் இன்று எங்கே, எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று தொழில்முறை வலைத்தளங்களில் நீங்களே தேடிப் பட்டியலிடுங்கள். அவர்களில் சிலருக்குக் கடிதம் எழுதி, முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவின் வழியாகக் கிடைத்ததா, படிப்புக்கு முன்பே இருந்த அனுபவத்தால் கிடைத்ததா என்பது உங்களுக்கே விளங்கிவிடும். இரண்டாவதுதான் பெரும்பாலோரின் பதிலாக இருந்தால், அந்தக் கடனை நீங்கள் எதற்கு வாங்குகிறீர்கள்? துறைக்குள் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, நிதி அல்லது சட்டத்தில் குறிப்பான ஒரு குறையை நிரப்புவதற்காகப் படிப்பவருக்கு அதே பட்டம் பல மடங்கு பயன் தருகிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான நுழைவுச் சீட்டாக மட்டும் அதை வாங்குபவர், வெளியேறும்போது தன்னைப் போலவே பட்டம் பெற்ற ஒரு கூட்டத்தோடு அதே வரிசையில் நிற்கிறார்.

ஆள் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்ற உங்கள் நண்பர்களின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. கிளப்புகள் வெளியில் தோன்றும் அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் அல்ல. உலகமே பெயர் அறிந்த ஓர் அணியின் அலுவலகத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் இருப்பவர்களைவிடக் குறைவாக இருக்கலாம். பதவிகள் சில, அவை காலியாவது எப்போதாவது, காலியானதும் தெரிந்தவர் பரிந்துரைத்தவரை எடுப்பது சுலபம். ஆனால் கிளப் என்பது இந்தத் தொழிலின் நடுப்புள்ளி மட்டுமே. அதைச் சுற்றி ஸ்பான்சர்ஷிப் ஏஜென்சிகள், டிக்கெட் மென்பொருள் நிறுவனங்கள், ஒளிபரப்பாளர்களின் விளம்பர விற்பனைப் பிரிவுகள், உரிமம் பெற்ற பொருட்களைத் தயாரிப்பவர்கள், அரங்க மேலாண்மை நிறுவனங்கள், ஸ்பான்சர் செய்யும் நிறுவனங்களின் சந்தைப்படுத்தல் பிரிவுகள், இவர்கள் அனைவருக்கும் ஆலோசனை சொல்லும் சட்ட அலுவலகங்கள் என்று ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. வேலைகளின் பெரும்பகுதி அந்த வட்டத்தில்தான். அங்கிருந்து உள்ளே போனவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1999 முதல் 2018 வரை பிரீமியர் லீக்கை நடத்திய ரிச்சர்ட் ஸ்குடமோர், கால்பந்துக்கு வருமுன் தொலைபேசி விளம்பர அடைவு வெளியிடும் யெல்லோ பேஜஸிலும், பிறகு ஒரு பத்திரிகைக் குழுமத்திலும் பணியாற்றியவர். என்பிஏ கூடைப்பந்து லீக்கை 1984 முதல் 2014 வரை வழிநடத்திய டேவிட் ஸ்டெர்ன், அந்த லீக்குக்கு ஆலோசனை வழங்கிய சட்ட நிறுவனத்தில் இருந்தவர். 1978இல் லீக்கின் தலைமைச் சட்ட அதிகாரியாக உள்ளே வந்தார். இருவரும் பந்தின் வழியாக வரவில்லை. லீக்குக்குத் தேவையான ஒரு திறமையின் வழியாக வந்தார்கள்.

எனவே உங்களுக்கு மிக அருகில் இருக்கும் கதவு உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கக்கூடும். உங்கள் நிறுவனம் ஏதேனும் அணிக்கோ போட்டிக்கோ ஸ்பான்சராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஒப்பந்தத்தைக் கையாளும் குழுவுக்கு மாற்றல் கேளுங்கள். சம்பளம் குறையாமலே மேசையின் மறுபக்கத்திலிருந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வீர்கள், கிளப்பின் ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். இல்லையென்றால், ரசிகர் கூட்டம் பெரிதாக இல்லாத ஒரு விளையாட்டின் சங்கத்தையோ சிறிய லீக்கையோ அணுகி, விற்பனைத் தொகையில் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டில், வார இறுதிகளில் ஸ்பான்சர் தேடித் தர முன்வாருங்கள். அதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கைப்பந்துக்கோ மேசைப்பந்துக்கோ ஒரு ஸ்பான்சரைப் பிடிப்பது முன்னணி அணிக்குப் பிடிப்பதைவிடக் கடினம் என்பதால், அங்கே நீங்கள் முடித்துக் காட்டும் ஒரே ஓர் ஒப்பந்தம் எந்தச் சான்றிதழையும்விடக் கனமாகப் பேசும். இந்தத் துறையில் பெண்கள் கிரிக்கெட், பெண்கள் கால்பந்து போன்றவை வளர்கிற வேகத்தையும் கவனியுங்கள். புதிதாகத் தொடங்கும் லீக்குகளில் பதவிகளுக்கு முன்னுரிமை கோரும் பழைய ஆட்கள் இருப்பதில்லை.

விளையாட்டின் மீதுள்ள காதல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. மாலைகளும் வார இறுதிகளும் உங்களுடையவையாக இருக்காது. ஊரே ஆட்டம் பார்க்கும்போது நீங்கள் கார்ப்பரேட் பாக்ஸ் வாசலில் நின்று, பெயர்ப் பட்டியலில் இல்லாத விருந்தினர் ஒருவருக்கு இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். கோல் விழுந்த சத்தம் மட்டும் கேட்கும். அதில் எரிச்சல் வராது என்றால் வாருங்கள். ரசிகராகவே இருக்க விரும்புகிறவர்களுக்கு, நல்ல சம்பளமுள்ள வேறு வேலையும் ஒரு சீசன் டிக்கெட்டும் இதைவிட மகிழ்ச்சி தரும் என்பது என் எண்ணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகச் சம்பளம். ஆம், குறையும். இந்த வேலைக்காக ஏங்குபவர்கள் ஏராளம் என்பது முதலாளிகளுக்குத் தெரியும்; தொடக்கச் சம்பளத்தில் அது பிரதிபலிக்கிறது. 2020இல் அரங்கங்கள் பூட்டப்பட்டு, ஜெர்மனியின் கால்பந்து லீக்கான பண்டஸ்லிகா அந்த ஆண்டு மே மாதம் ஆளில்லாத இருக்கைகளுக்கு நடுவே மீண்டும் தொடங்கியபோது, போட்டி நாள் வசூலை நம்பியிருந்த பிரிவுகள் என்ன ஆயின என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே, எவ்வளவு குறைந்த நிலையான சம்பளத்தில் இரண்டு ஆண்டுகள் கடன் இல்லாமல் வாழ முடியும் என்று முதலில் கணக்கிடுங்கள். அதற்குக் கீழே எந்தப் பெரிய அணியின் பெயருக்காகவும் இறங்காதீர்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் பொருந்தாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன், கமிஷன் பற்றி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கமிஷன் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கணக்கிடப்படுமா, பணம் வசூலானபோதா? பணத்துக்குப் பதில் பொருளாகவோ சேவையாகவோ வரும் ஸ்பான்சர்ஷிப்புக்குக் கமிஷன் உண்டா? நீங்கள் கொண்டுவந்த ஸ்பான்சர் இரண்டாம் ஆண்டு புதுப்பித்தால் அந்தத் தொகை உங்கள் கணக்கில் சேருமா, அல்லது சேவைப் பிரிவின் கணக்குக்குப் போய்விடுமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லத் தயங்கும் நிறுவனம் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரே ஆண்டு உழைப்பை. அங்கே நிலையான சம்பளத்தை உயர்த்திக் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தைச் சீசன் முடிந்த முதல் சில வாரங்களில் அனுப்புங்கள். ஸ்பான்சர்கள் விலகுவதும், ஆட்கள் மாறுவதும், அடுத்த ஆண்டின் இலக்கு நிர்ணயமாவதும் அப்போதுதான்.